தேத்தண்ணி கூடாதென்று யாரும் சொல்லவில்லை

ஆஸ்பத்திரியை நிர்வகிக்கிற ஐயா, என் பெண்சாதியைப் பொய்க்காரி என்று சொன்னது நீங்கள்தான். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில், தோட்டத் தலைவர்மார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நல்ல தமிழில் சொன்னீர்கள். பெயர் சொல்லவில்லையே என்று இப்போது நழுவ வேண்டாம். "தோட்டத்து ஆட்களுக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. சாப்பிடாமல் வரச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். கேட்டால் இல்லை என்று பொய் சொல்கிறார்கள். ஸ்கேன் நேரம் வீணாவது அவர்களால்தான்" என்றீர்கள். முன்வரிசை சிரித்தது. நான் பின்னால் நின்றேன். கை தூக்கினேன். நேரம் முடிந்துவிட்டது என்று என்னைப் பேச விடவில்லை. அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது எந்த ஆஸ்பத்திரி என்று தெரியும், அது போதும்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஸ்டோரில் வேலை செய்கிறவன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அடுப்புக்கு விறகு தள்ளுவது என் வேலை. என் பெண்சாதி கொழுந்து எடுக்கிறவள். எங்களுக்கு ஒரு பிள்ளை.

அவளுக்கு வலது பக்க விலாவுக்குக் கீழே குத்து வந்தது. வரும், போகும். வந்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைச் செடிக்குள்ளேயே குந்திவிடுவாள். கங்காணி சத்தம் போடுவார். "வாய்வு ஐயா, இந்தா எந்திரிச்சிட்டேன்" என்று இவள் எழும்புவாள். நாங்களும் வாய்வு என்றுதான் நினைத்தோம். ஓமம் அவித்துக் குடித்தாள். தோட்டத்து மருந்துக்காரர் மாத்திரை கொடுத்தார். அது கேட்கவில்லை என்றதும் அவரே நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கிளினிக் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெசின் வாரம் முழுக்க இருக்கிறது. அதை வைத்துப் பார்த்துச் சொல்கிற டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். ஆகவே நாள் கொடுத்து அனுப்பினார்கள். நாள் கொடுத்த பெண் சிங்களப் பிள்ளை. படித்து வைத்திருந்த தமிழில், "காலையில சாப்பிட வேணாம். சாப்பிடாம வாங்க" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

இங்கேதான் உங்களுக்கு விளங்காத விசயம் இருக்கிறது, ஐயா.

எங்களுக்குத் தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது. காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, போகிற எந்தப் பெண்ணையும் நிறுத்திக் கேளுங்கள், சாப்பிட்டாயா என்று. இல்லை என்பாள். தேத்தண்ணி குடித்திருப்பாள். தீமிதிக்குக் காப்புக் கட்டினால் ஒரு வேளைச் சோறுதான். வாய் நாற, தலை சுற்ற, நாங்கள் விரதம் இருப்போம். ஆனால் தேத்தண்ணி குடிப்போம். பூசாரியும் குடிப்பார், குடித்துவிட்டுத்தான் சாமி கும்பிடுவார். அம்மனே அதைக் கணக்கில் எடுக்காதபோது ஆஸ்பத்திரி எடுக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஸ்கேனுக்குப் போகிற அன்று விடியற்காலையில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவிலிருந்து என் அண்ணன் பெண்சாதி, என் மதினி, செம்பு நிறையத் தேத்தண்ணியோடு வந்தாள். சும்மா சாயம் இல்லை. பால் மாவு போட்டது. எங்கள் லயத்தில் பால் மாவு பிள்ளைகளுக்கும் விருந்தாளிக்கும்தான். நோயாளி என்று அன்றைக்கு அள்ளிப் போட்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மதினி" என்றேன்.

"சோறு திங்கச் சொன்னேனா நானு? ரொட்டி குடுத்தேனா? இந்தக் குளிர்ல தேத்தண்ணி இல்லாம பஸ்ஸுல போனா அவ அங்க போயிச் சேரமாட்டா. நீங்க போய்ச் சட்டையப் போடுங்க கொழுந்தனாரே."

இவள் குடித்தாள். மதினி அதோடு விடவில்லை. பிளாஸ்கிலும் ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

ஸ்கேன் அறைக்கு முன்னால் உட்கார நீள வாங்கு. நிறையப் பேர். எல்லாரும் தோட்டத்து ஆட்கள் இல்லை, மரக்கறித் தோட்டக்காரர்களும் டவுன் ஆட்களும் இருந்தார்கள். கதவுக்குக் கீழே குளிர் காற்று வந்துகொண்டிருந்தது. இவள் பிளாஸ்கைத் திறந்து குடித்தாள். பக்கத்திலிருந்த பெண்ணுக்கும் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணும் ஸ்கேனுக்கு வந்தவள்தான். "நானும் ராவுலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல அக்கா" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக் குடித்தாள். இதில் எங்கே பொய் இருக்கிறது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

பாஷை விளங்காவிட்டால் என்று என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அறை இருட்டாக இருந்தது. மெசின் முன்னால் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என் பெண்சாதியின் வயதுதான் இருக்கும். பக்கத்தில் ஒரு பிஸ்கட் பெட்டி திறந்தபடி கிடந்தது. கையை எட்டி நீட்டிக் கருவியை உடம்பில் அமுக்கிக்கொண்டு, முகத்தைத் திரைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை அது. நான் அதுவரைக்கும் மெசின்தான் நோயைச் சொல்லும் என்று நினைத்திருந்தேன். எங்கள் லயத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், மெசின் சொல்லிவிட்டது என்று. திரையைப் பார்த்தேன். காலைப் பனி இறங்கின மலை மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் கண்ணை வைத்துத் தேடுகிறது மனுசிதான்.

"சாப்பிட்டனீங்களோ அம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் இவள்.

பசை மாதிரி ஒன்றை வயிற்றில் பூசினார். "ஐயோ குளிருங்க!" என்று இவள் துள்ளினாள்.

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை. மூச்சை இழுத்துப் பிடியுங்கோ. பிடியுங்கோ. ம், விடுங்கோ."

பல தரம் இழுக்கச் சொன்னார். இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். அமுக்கினார். நெற்றி சுருங்கியது.

"அம்மா, பித்தப்பை சுருங்கிப்போய்க் கிடக்கு. என்னவோ சாப்பிட்டிருக்கிறியள்."

"ஒண்ணுமே சாப்பிடலங்க. மாரியம்மா மேல சத்தியமுங்க. வேணும்னா இவங்களக் கேளுங்க."

"ராத்திரி சாப்பிட்டதுதாங்க டாக்டரம்மா" என்றேன் நானும். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவர் கருவியை எடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

"குடிச்சேங்க" என்றாள் இவள், முகம் கழுவினாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

"பால் விட்டோ?"

"ஆமாங்க, நல்லாப் பால் மாவு போட்டு. காலையில ஒண்ணு, இப்ப வெளியில ஒண்ணு. டாக்டரம்மா குடிக்கிறீங்களா? பிளாஸ்க்ல இன்னும் சூடா இருக்குங்க."

கதவோரம் நின்ற உதவிக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"பால் உள்ளுக்கை போனால் பித்தப்பை தன்ரை வேலையைச் செய்யும் அம்மா. சுருங்கிப்போடும். சுருங்கின பைக்குள்ளை கல் இருக்கோ இல்லையோ எண்டு என்னாலை சொல்லேலாது. இல்லை எண்டு எழுதிவிட்டன் எண்டால், அதை நம்பித்தான் மற்ற டொக்டர் மருந்து தருவார். தெரியாததைத் தெரியாது எண்டுதான் எழுதுவன்."

"அப்ப நான் பொய் சொல்லிட்டேனுங்களா?" இவளுக்கு முகம் செத்துப் போனது.

"சீ, இல்லை. நாங்கள் கேட்டது பிழை. தேத்தண்ணியை வேறையாக் கேட்டிருக்க வேணும்."

இதைக் கவனியுங்கள், ஐயா. அந்த நாளை இழந்தது அவர். எங்களால் வீணானது அவருடைய நேரம். அவர் சொன்னது இது. நீங்கள் சொன்னது வேறு.

கையைத் துடைக்கும்போது அவர் வலது தோளை அழுத்திக்கொண்டதை இவள் கவனித்தாள். "டாக்டரம்மாவுக்கும் தோள் வலிங்களா?"

"நாள் முழுக்க இதை அமத்திப் பிடிக்கிறதெல்லோ."

"எங்களுக்குக் கூடைங்க. ராவுக்கு வேப்பெண்ணெய சூடு பண்ணித் தேய்ங்க."

"தேய்ச்சுப் பாப்பம்" என்றார். பின்னேரம் வரைக்கும் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடாமல் வெளியே இருக்கச் சொன்னார். கடைசியாக ஒரு தரம் முயன்று பார்க்கலாம் என்றார்.

இருந்தோம். மதியம் தாண்டி அவரைக் கூட்டிப்போக வாகனம் வந்து நின்றது. இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் பார்க்க வேண்டும், அங்கேயும் வாங்கு நிறைய ஆட்கள். அவர் வெளியே வந்து எங்களைத் தேடினார். "இப்பவும் சரியாத் தெரியாது அம்மா. எனக்கு நிக்கேலாமல் கிடக்கு. வேறொரு நாள் எடுத்துக்கொண்டு வாங்கோ, தேத்தண்ணி இல்லாமல்" என்று இவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். வாகனத்துக்குள் ஏறும்போதுதான் பிஸ்கட்டை வாயில் வைத்தார்.

கிடைத்த நாள் கிட்டத்தில் இல்லை. ஒரே டாக்டர், ஒரே நாள், இத்தனை சனம். கிட்டத்தில் எப்படிக் கிடைக்கும்?

வீட்டுக்கு வந்து சொன்னதும் மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இவள்தான் தேற்றினாள். "விடுக்கா. உன் பால் தேத்தண்ணியப் பெரிய டாக்டரம்மாவே மெசின் வச்சுப் பார்த்துட்டாங்க. தோட்டத்துல வேற யாரு தேத்தண்ணிக்கு அந்தப் பேரு கெடைக்கும்?" அழுத மதினி சிரித்தாள். லயமே சிரித்தது. வாய்வு என்று சொல்லிக்கொண்டு இவள் மறுபடியும் கொழுந்து மலைக்குப் போனாள்.

அந்த நாள் வருவதற்குள் அது வந்துவிட்டது.

வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரம். இவள் மலையில் நடுங்கியிருக்கிறாள். வெயிலில் நின்றுகொண்டு பல்லுக் கிட்ட நடுங்கினாளாம். கண் மஞ்சளாக இருப்பதைப் பக்கத்து நிரையில் நின்ற பெண் பார்த்துச் சத்தம் போட்டாள். இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை விரித்து, அதில் போட்டு, நாலு பெண்கள் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறக்கினார்கள். கொழுந்து லொறி நின்றது. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மூட்டைகளை ஒதுக்கச் சொல்லி அதிலேயே ஏற்றச் சொன்னார். அதை நான் மறக்கமாட்டேன், அவரோடு எனக்கு ஆயிரம் சண்டை இருந்தாலும். ஸ்டோரில் என்னைக் கூப்பிட்டார்கள். கரிக் கையோடு ஓடிப் போய் ஏறினேன். பச்சைக் கொழுந்து மூட்டை மேல் அவள் கிடந்தாள். "என்னாங்க, பிள்ளைக்குச் சோறு வடிக்கல்ல" என்றாள். பிறகு பேச்சு குழறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் வார்டு டாக்டர் சின்னப் பையன், சிங்களவர். ஓடி ஓடிப் பார்த்தார். ஊசி போட்டார். ஸ்கேன் அறையைக் கடந்துதான் அவளை வண்டியில் தள்ளிக்கொண்டு போனோம். கதவு பூட்டியிருந்தது. அன்று அந்த டாக்டரின் நாள் இல்லை. மெசின் உள்ளே இருக்கிறது. பார்க்கத் தெரிந்த கண் இல்லை. அந்தப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் அச்சில் போடமாட்டார்கள்.

வார்டு டாக்டர் போனை எடுத்து அந்த அம்மாவைக் கூப்பிட்டார். அவர் வேறு ஆஸ்பத்திரியில், வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாராம். இங்கிலீசில் பேசினார்கள். எனக்கு விளங்கவில்லை. பேசி முடித்துவிட்டு அந்தப் பையன் என்னிடம் உடைந்த தமிழில் சொன்னார். "மேடமுக்கு உங்க வைஃப் ஞாபகம். பால் தேத்தண்ணி குடுக்கக் கேட்ட அம்மா தானே, கேட்டாங்க. அன்னைக்கு பித்தப்பை பார்க்க முடியல, கல் இருக்கலாம், குழாய் அடைச்சிருக்கலாம், ஸ்கேனுக்கு வச்சிருக்க வேணாம், இப்பவே கண்டிக்கு அனுப்புங்க, சொன்னாங்க."

எத்தனை வயிற்றைப் பார்க்கிறவர் அவர். இருட்டறையில் ஒருத்தியின் முகத்தைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். ஞாபகம் வைத்திருந்தார்.

ஆம்புலன்சில் கண்டிக்குப் போனோம். அங்கே ஸ்கேன் டாக்டர் இருந்தார். எந்த நாளும் ஒருவர் இருப்பாராம். பார்த்தார். பித்தக் குழாயில் கல் சிக்கி, சீழ் பிடித்து, அது இரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருந்தது. தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் ஆளைத் தந்திருக்க மாட்டோம் என்றார்.

அவள் பிழைத்தாள். பித்தப்பையைப் பிறகு வெட்டி எடுத்தார்கள். இன்றைக்கும் ஏற்றத்தில் கூடையோடு ஏறினால் மூச்சு வாங்குகிறது.

உடம்பு தேறிய பிறகு ஒரு தரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி மறுபடியும் அந்த அம்மாவிடமே அனுப்பினார்கள். அன்று நான் கண்டதை நீங்கள் வந்து பார்க்க வேண்டும். அறைக்குள் போவதற்கு முன்னால் அவர் வாங்குக்கு எதிரே வந்து நின்றார்.

"தேத்தண்ணி குடிச்ச ஆக்கள் எல்லாரும் கையை உயர்த்துங்கோ."

சனம் ஒன்றையொன்று பார்த்தது. ஒரு கை எழும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு பாதி வாங்கு.

"சாயமோ, பாலோ?"

"சாயந்தாங்க, ஒரு வாய்தாங்க" என்றார் ஒரு தாத்தா.

"ஐயா, உங்கட வாய் எவ்வளவு பெரிசு?" என்றார் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார். பால் குடித்தவர்களைக் கடைசிக்குப் போட்டார். தேத்தண்ணி குடித்தாலும் கெடாத ஸ்கேன்களை, கழுத்து, கால் பார்க்க வேண்டியவர்களை, முன்னுக்கு எடுத்தார். யாரையும் திட்டவில்லை. யாரும் ஒளிக்கவும் இல்லை. கேட்டால் நாங்கள் சொல்கிற சனம், ஐயா. சரியாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இவளை உள்ளே கண்டதும் "பிளாஸ்க் எங்கை?" என்றார். இவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பார்த்து முடித்து, எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்ன பிறகு நான் கேட்டேன்.

"டாக்டரம்மா, இதத் தமிழ்ல பெரிசா எழுதி நாள் குடுக்குற எடத்துலயே போட ஏலாதுங்களா? நீங்க ரெண்டு நாள் வர ஏலாதுங்களா?"

"ரெண்டையும் கேட்டனான். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். இன்னும் பதில் இல்லை" என்றார். குறை சொல்கிற குரலில் இல்லை. களைத்த குரலில் சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவர் கேட்டது உங்களிடம். பதில் சொல்லாதது நீங்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டத்தில் எழும்பி, தோட்டத்து ஆட்கள் பொய் சொல்கிறார்கள் என்றீர்கள். அன்று அந்த அம்மா அங்கே இல்லை. இருந்திருந்தால் உங்கள் வாய் அப்படித் திறந்திருக்காது.

கூட்டத்தில் நடந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. தலைவர் பெண்சாதி வழியாக அவள் காதுக்குப் போய்விட்டது. அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். "சாகக் கெடந்தேன். அதுகூடப் பரவாயில்லீங்க. நான் பொய் சொன்னேன்னா பேசிக்கிறாங்க?"

அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது, ஐயா.

அடுத்த ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதே முன்வரிசை இருக்கட்டும், சிரித்தவர்கள் எல்லாரும் இருக்கட்டும். அவள் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி மூன்றுக்குப் பதில் சொல்லுங்கள். இவள் சொன்னதில் எது பொய்? ஒரு டாக்டர் ஒரு நாள் மட்டும் வந்தால் போதும் என்று முடிவு செய்தது யார்? அந்த அம்மா கேட்டதற்கு இதுவரைக்கும் நீங்கள் ஏன் பதில் சொல்லவில்லை?